ஆறு புள்ளி

என்னைவிட ஆறு புள்ளி கூட எடுத்தவன் போன ஆவணியில் கனடாவிலிருந்து வந்து, எங்கள் வளவுக்குள் நின்று, பக்கத்து மதிலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டேய், பொட்டு எங்கயடா?" என்று கேட்டான். அவன் கேட்டது வேலிப் பொட்டை. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு வளவுக்கும் நடுவே நிற்கும் கிடுகு வேலியில், யாரும் வெட்டினதாக ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத, ஆனால் ஒரு ஆள் குனிந்து நுழையக் காணும் அளவான ஓட்டைக்குத்தான் பொட்டு என்று பெயர். கறி அதால் போகும், கடன் வாங்கின அரிசி அதால் திரும்பி வரும், இரண்டு வீட்டுக்காரரும் சண்டை பிடித்தால் பழைய ஓலை ஒன்று வந்து அதை மறைக்கும், சண்டை முடிந்தால் அந்த ஓலை தானாக விழுந்துவிடும்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவன்தான் முதலாம் பிள்ளை. இந்தப் பக்கத்தில் நான், இரண்டாம் பிள்ளை. முள்ளிவாய்க்காலில் அந்தக் காலத்தில் தாய் தகப்பன் பெயர் வைத்தாலும், பிள்ளையை ஊர் அறிந்துகொண்டது தவணைப் பரீட்சை றிப்போட்டில் அவன் நின்ற இடத்தை வைத்துத்தான். "ஆர், அந்த இரண்டாம் பிள்ளையோ?" என்று கடைக்காரர் கேட்கும்போது அதில் பாராட்டு எவ்வளவு, பரிதாபம் எவ்வளவு என்று பிரித்தறிய எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மொத்தத்தில் அவன் எனக்கு மேலே நின்றது பெரும்பாலும் ஆறு புள்ளியால். ஒரு தவணை எட்டு, ஒரு தவணை மூன்று, ஆனால் சுற்றிச் சுற்றி அந்த ஆறுக்கே வந்து நிற்கும். நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் எனக்குக் கீழே இருந்த முப்பத்தெட்டுப் பேரை நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்தவன் அல்ல என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. உங்களுக்கும் ஒரு முதலாம் பிள்ளை இருந்திருப்பான், அல்லது இருந்திருப்பாள். அவர்களுடைய கையெழுத்துகூட உங்களுக்கு இன்னும் நினைவிருக்கும்.

அம்மாவின் பாடம் விடியற்காலையில் தொடங்கும். "அங்க பார், அவன் எழும்பிற்றான்." இரவிலும் அதே பாடந்தான். "அங்க பார், அவன்ர விளக்கு இன்னும் நூரேல்ல." அந்த விளக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். 1990இல் அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடை, 2002இல் ஏ9 பாதை திறக்கும்வரை எங்கள் வாழ்க்கையைத் துளிக்கணக்கில் அளந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் கிடைத்தால் யானை விலை. ஆகவே ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையக் காணும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியில் ஒரு திரியைக் கொழுவி, அதற்குச் சிக்கன விளக்கு என்று பெயரும் வைத்துக்கொண்டோம். காற்றில் அணையாது, குடிக்கிற எண்ணெய் கொஞ்சம், தருகிற வெளிச்சம் அதைவிடக் கொஞ்சம். நெருப்புக்குச்சிக்கும் தட்டுப்பாடு என்றபடியால், பொழுதுபட்டதும் யாரேனும் ஒரு வீட்டில் மூட்டின அடுப்பிலிருந்து ஊரே நெருப்பு எடுக்கும். எங்கள் வீட்டுக்கு நெருப்பு வந்தது பொட்டால்தான், சிரட்டையில் தணலாக, முதலாம் பிள்ளையின் வீட்டிலிருந்து. அவனை வெல்லவேண்டும் என்று நான் விடிய விடிய வைத்திருந்த விளக்கு, அவன் வீட்டு நெருப்பில் எரிந்த விளக்கு.

விடிய விடிய என்று சொன்னது கொஞ்சம் மிகை. விளக்கு எரிந்தது உண்மை. நான் அதன் பின்னால், கொப்பியில் கன்னத்தை வைத்து, வீணி ஒழுக நித்திரை கொண்டதும் உண்மை. அவனுடைய விளக்கு நூர்ந்தபிறகுதான் என்னுடையது நூரவேண்டும் என்பது என்னுடைய சட்டம். படிக்கவும் வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அப்பாவும் ஒப்பிட்டுத்தான் பார்ப்பார், ஆனால் அவருடைய முறை வேறு. நந்திக்கடல் களப்பில் இறால் படுகிற காலத்தில் வீச்சுவலையோடு இறங்குகிறவர்கள் விடியப்புறம் கரையில் ஒருவர் பறியை ஒருவர் எட்டிப் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்கிறவரின் பறி நிறைந்திருந்தால் அப்பாவுக்கு முகம் ஒரு கணம் கறுக்கும், மறைக்கவும் மாட்டார். அடுத்த கணம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "எவடத்தில வீசினனி?" என்று கேட்பார். அவரும் சொல்லுவார். அடுத்த நாள் அப்பாவின் வலை அந்த இடத்தில் விழும். சிலவேளை அவர் பொய் சொல்லியிருப்பார், அப்பா வெறும் பறியோடு வருவார். அதற்குக் கோபம் இல்லை, ஏனென்றால் அப்பாவும் போன கிழமை அவருக்குப் பொய்தான் சொல்லியிருந்தார். எவடத்தில வீசினனி என்று நான் ஒருநாளாவது முதலாம் பிள்ளையிடம் கேட்டிருந்தால், அந்த ஆறு புள்ளியில் ஒரு நான்கையாவது பிடித்திருக்கலாம். கேட்டால் தோற்றதாகிவிடும் என்று பதின்மூன்று வயதில் ஒருவன் நினைக்கிறான். நாற்பத்துமூன்று வயதிலும் நினைக்கிறான் என்பது பிறகு வருகிற கதை.

1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டது. அந்தச் சனத்தில் பெருந்தொகையினர் கிளாலி தாண்டி வன்னிக்கு வந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து மரத்தடிகளிலும் வகுப்புகள் முளைத்தன. வந்த பிள்ளைகள் பாவங்கள். கையில் ஒரு பை, காலில் கொப்புளம். அந்தப் பாவங்கள் வந்த முதல் தவணையிலேயே முதல் ஐந்து இடங்களையும் கொண்டு போய்விட்டார்கள். முதலாம் பிள்ளை ஆறாம் பிள்ளையானான். நான் ஏழு. றிப்போட்டை வாங்கிக்கொண்டு வருகிற வழியில் இரண்டு பேரும் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரே சைக்கிளில் வந்தோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் பேச்சு, அவர்கள் "டியூசன்" என்று சொல்லுகிற தோரணை, எல்லாவற்றையும் நக்கலடித்து முடித்தபோது வீடு வந்துவிட்டது. எதிரி தூரத்திலிருந்து வந்தால் பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவு நல்லவனாகிவிடுகிறான்! அடுத்த வருடம் அவர்களில் பலர் திரும்பிப் போனார்கள். நாங்களும் மெல்ல மெல்ல எங்களுடைய பழைய இடங்களுக்கும் பழைய பகைக்கும் திரும்பினோம்.

ஒப்பிடுவதில் எங்கள் அம்மாமார் கெட்டிக்காரிகள் என்றால், அரசாங்கம் அவர்களுக்கும் ஆசான். எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தலின் வயிற்றெரிச்சலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். எங்கள் காலத்துக்கு அது இசட் புள்ளி என்ற வடிவத்தில், 2001இல், வந்து சேர்ந்தது. நீ எத்தனை எடுத்தாய் என்பது பேச்சில்லை. உன்னோடு எழுதினவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறாய் என்பதுதான் பேச்சு. அம்மா முப்பது வருடமாக வேலிக்கு மேலால் செய்த கணக்கைத்தான் அதிகாரிகள் நான்கு தசமதானத்துக்குச் செய்தார்கள். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் முழு நாட்டுக்கும் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களுக்கு, மீதி 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்று ஒதுக்குவார்கள். முல்லைத்தீவு அந்தப் பதினாறில் ஒன்று. ஆக, எங்களுக்கு வெட்டுப்புள்ளி குறைவு. அதற்காக நாங்கள் சந்தோசப்படுவதா வெட்கப்படுவதா என்று அப்போதும் தெரியவில்லை. முதலாம் பிள்ளைக்குப் பொறியியல் பீடம் தசமதானத்துக்குப் பின்னால் தவறியது. எனக்கு எல்லாமே தசமதானத்துக்கு முன்னாலேயே தவறியது. அவன் 2003இல், அதற்குள் திறந்துவிட்ட பாதையால், கொழும்புக்குப் போய், அங்கிருந்து எப்படியோ கனடாவுக்குப் போனான். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதப் போனேன். அன்றைக்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு அவ ஏசினதைவிட மோசமாக இருந்தது.

கூறைச்சேலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் கூறையும் அவனுடைய தாயின் கூறையும் ஒரே வருடத்தில் எடுக்கப்பட்டவை. அவனுடைய தாயை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். எது விலை கூட என்ற வழக்கு இரண்டு வீட்டுக்கும் இடையில் முடியாமலே கிடந்தது. வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கல் வரும்போது இருவரும் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்துக்கொண்டு, கடல்நீரில் விளக்கெரிகிற அம்மன் சந்நிதியில் நின்று, கண்ணை மூடிக் கும்பிடுகிற சாட்டில் ஒருவர் கரையை ஒருவர் பார்ப்பார்கள். போரின் கடைசி மாதங்களில், 2009 வைகாசிக்கு முன்னாலேயே, அந்த வழக்கு தீர்ந்துபோனது. எங்கள் ஊர் மண் கடற்கரை மணல்; பங்கர் வெட்டினால் நிற்காது, மண்மூடை வேண்டும். சாக்கு எங்கே கிடைக்கும்? சனம் சேலைகளை வெட்டித் தைத்து மணல் நிரப்பியது. பெட்டிகளுக்குள் இருந்த பட்டெல்லாம் வெளியே வந்தது. எங்கள் பங்கரின் வாசலில் அம்மாவின் கூறையும் மாமியின் கூறையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன, சரிகை வெளியே தெரிய. மாமி ஒருக்கால் அதைத் தடவிப் பார்த்து, "உங்கடதுதான் அக்கா பாரம் கூட" என்றா. அம்மா சிரித்தா. அந்தக் கிழமைகளில் நான் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது எங்களுக்கு அது நந்திக்கடலைப் பற்றிய பழமொழி. இந்தக் கரையில் நாங்கள், அந்தக் கரையில் கேப்பாபுலவு. அந்தக் கரைக்குச் சனம் நெஞ்சளவு தண்ணிக்குள் இறங்கினபோது அது பச்சையா என்று யாரும் பார்க்கவில்லை.

பிறகு எங்களைக் கொண்டுபோய் வைத்த, வவுனியாவின் மெனிக் பாம் முகாமின் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசாமி, கதிர்காமர் என்று பெரிய மனிதர்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கூடாரம், ஒரே தண்ணி வரிசை, ஒரே பருப்பு. ஒப்பிட ஒன்றும் மிஞ்சாத இடம் என்று நீங்கள் நினைப்பீர்கள். இராமநாதனில் தண்ணி நல்லதாம், அருணாசலத்தில் மரநிழல் இருக்காம் என்று இரண்டாம் நாளே தொடங்கிவிட்டது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, சனத்துக்கு உயிர் திரும்பி வருகிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளமாக இருந்தது. ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருந்தது. வரிசையில் பக்கத்தில் நிற்கிறவர் கேட்பார், "உங்கட வீட்டில எத்தினை பேர்?" எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்ற கேள்வியல்ல அது. அம்மா சொல்லுவா: "எங்களுக்கு இவர் மட்டும்தான்." அப்பாவைத்தான் சொன்னா. அந்த "மட்டும்தான்" சொல்லும்போது அம்மாவின் குரல் தாழ்ந்துபோகும், கூடப் பறிகொடுத்த வீட்டுக்காரிக்கு முன்னால் குறைவாகப் பறிகொடுத்ததற்காக வெட்கப்படுகிறதுபோல. தம்மைவிடக் கஷ்டப்பட்டவரைப் பார்த்து மனிதர் ஆறுதல் தேடுகிறார்கள் என்று தோமஸ் வில்ஸ் என்ற உளவியலாளர் 1981இல் எழுதியிருப்பதாகப் பிறகு வாசித்தேன். ஆறுதல் கிடைக்கிறதோ தெரியாது, தேடுவது உண்மை.

முதலாம் பிள்ளை 2009 மே மாதத்தில் ரொறன்ரோவில் கார்டினர் பெருந்தெருவை மறித்து உட்கார்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன். இதை அவன் சொன்னதே பதினைந்து வருடம் கழித்துத்தான், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு.

முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது வளவு இருந்தது, வேலி இல்லை. பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. வடக்குக் கிழக்குக்கும் மலையகத்துக்குமாக 50,000 வீடுகள். எங்களுக்கு வீடொன்றுக்கு 550,000 ரூபாய். பார்த்தால் ஊரே ஒரே வீட்டை அச்சில் வார்த்ததுபோல இருந்தது. இரண்டே வருடத்தில் அந்த ஒற்றுமை கலைந்தது. வெளிநாட்டில் ஆள் உள்ள வீட்டுக்கு மாபிள் வந்தது, முன்னால் ஒரு போர்டிகோ வந்தது, அதற்குள் நிறுத்த ஒன்றும் இல்லாவிட்டாலும். மாமியின் வீட்டுக்குக் கனடாக் காசில் றோட்டுப் பக்கம் மதில் எழும்பியது. பக்கத்து வேலியை மாமி மதிலாக்கவில்லை, பொட்டுக்காகத்தான் என்று இப்போது விளங்குகிறது. மதிலாக்கியது நான். மனைவி வேண்டாம் என்றா, நான் கடன் எடுத்தேன். முன்மதில் ஆறு வரிக் கல்லு. நான் பக்கமதிலை ஏழு வரி வைத்தேன். ஒரு வரி கூட! கூட்டுறவுச் சங்கத்தில் மற்றவர்களின் கடன் கணக்கைச் சிவப்பு மையில் எழுதுகிற மனிதன் செய்த வேலை இது. பொட்டு இருந்த இடம் சரியாக எது என்று மேசன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மாமி, எழுபத்தெட்டு வயதில், ஒடியல் கூழ் காய்ச்சினால் சட்டியைத் தூக்கிக்கொண்டு றோட்டால் சுற்றி வருகிறா.

இப்போதெல்லாம் என் வீட்டில் பிள்ளைக்கு "அங்க பார்" என்று வேலியைக் காட்டுவதில்லை, போனைக் காட்டுகிறோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முடிவு வந்த அன்று வட்ஸ்அப்பில் இருநூறுக்கு எத்தனை என்று ஊர் ஊராகப் பட்டியல் வந்தது. அடுத்த நாள் சந்தியில் பதாகை, பிள்ளைகளின் முகம் ஆள் உயரத்துக்கு. மகளின் முகம் அதில் இல்லை. அவளுக்கு முன்னால் நின்றது ஒரு முதலாம் பிள்ளை அல்ல, கொழும்பில் ஒருத்தி, மட்டக்களப்பில் ஒருத்தன், லண்டனில் வயலின் வாசிக்கிற சின்னம்மாவின் பேத்தி, முகநூலில் எல்லோரும் சிரித்துக்கொண்டு. லியோன் பெஸ்டிங்கர் என்ற அமெரிக்கர் 1954இல் எழுதினார்: சதுரங்கம் இப்போதுதான் பழகுகிறவன் தன்னைப் பெரிய வீரர்களோடு ஒப்பிடமாட்டான், தன் கிட்டத்தில் நிற்கிறவனோடுதான் அளந்து பார்ப்பான் என்று. என் அம்மாவுக்கும் அது தெரியும், அதனால்தான் அவ காட்டினது வேலிக்கு அந்தப் பக்கத்தை மட்டும். அம்மாவின் காலத்தில் உலகவீரன் எங்கள் தலையணைக்குப் பக்கத்தில் வந்து படுக்கவில்லை. அந்த லண்டன் பிள்ளையிடம் போய் எங்கள் பிள்ளை எதைக் கேட்பது? அங்கே தணல் எடுக்கப் போக முடியுமா?

சரி, அவன் பொட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். நான் மதிலைப் பார்க்கிறேன். "களவு கூடிப் போச்சு, அதான்" என்றேன். எங்கள் வீட்டில் களவெடுக்க என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. கதிரை போட்டு முற்றத்தில் இருந்தோம். மனைவி பிளேன் ரீ கொண்டுவந்து, "அண்ணைக்குச் சீனி?" என்றா. "வேண்டாம் தங்கச்சி" என்றான். நானும் வேண்டாம் என்றேன்.

கொஞ்சநேரம் கழித்து அவன், "உன்ர விளக்காலதான்ரா நான் செத்தன்" என்றான்.

"என்ர விளக்கோ?"

"அம்மா விடமாட்டா. அங்க பார், அவன்ர விளக்கு இன்னும் எரியுது, நீ படுக்கப்போறியோ எண்டு. நீ நூக்கிறவரைக்கும் நான் கொப்பிக்குள்ள அம்புலிமாமாவை வச்சுக்கொண்டு இருப்பன்."

ஆக, ஊரே மண்ணெண்ணெய்க்குத் தவம் கிடந்த வருடங்களில், ஒரு பக்கம் நித்திரைக்கும் மறுபக்கம் அம்புலிமாமாவுக்கும் வெளிச்சம் பிடித்துக்கொண்டு இரண்டு விளக்குகள் ஒன்றையொன்று பார்த்து எரிந்திருக்கின்றன. அந்த எண்ணெயைச் சேர்த்திருந்தால் அப்பா ஒரு மாதம் இறால் பிடித்திருப்பார். சிரித்ததில் எனக்குப் புரைக்கேறியது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியின் குரல் வந்தது: "ஆரடா அது, படிக்காமல் கதைச்சுக்கொண்டு?"

குரல் இன்னும் மதிலுக்கு மேலால் வருகிறது, அதற்கு ஏழு வரி காணாது.

"உனக்கு எவ்வளவு நிக்குது?" என்று அவன் மெல்லக் கேட்டான். சம்பளத்தைக் கேட்கவில்லை. எங்கள் வயதில் அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. வெறுங்குடலில் நிற்கிற சீனியைக் கேட்டான்.

"186" என்றேன். "உனக்கு?"

"10 தசம் 7."

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, பதின்மூன்று வயதில் இருந்த அதே இடத்தில், துள்ளி எழும்பியது. பத்து எங்கே, நூற்று எண்பத்தாறு எங்கே! அதிலும் இவன் என்னை விழுத்திப்போட்டானே என்று நினைத்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "கனடாவில வேற அளவடா. பதினெட்டால பெருக்கு."

நான் போனை எடுத்துக் கணக்குப்பொறியைத் திறக்கிறதற்குள் அவன் வானத்தைப் பார்த்து, உதட்டை அசைத்து, பழைய முதலாம் பிள்ளையாய் மனக்கணக்கில் முடித்துவிட்டான்.

"192 சொச்சம்" என்றான்.